நீண்டகால எச்.ஐ.வி. சிகிச்சையும் முதுமையும்: உடலின் காவலர்களுக்கு என்ன ஆகிறது?



இந்த இதழின் உடல்நலப் பாடம் கொஞ்சம் கடினமானது. இரத்தத்தில் ஓடும் ஒரு நுண்ணிய அணுவைப் பற்றிப் பேசப்போகிறோம். அறிவியல் சொற்கள் சில வரும். அதைவிடக் கடினம், நோயின் பெயர். எச்.ஐ.வி. என்றதும் பெரியவர்கள் பேச்சை மாற்றுவார்கள், பெண்கள் குரலைத் தாழ்த்துவார்கள், பிள்ளைகளை வெளியே போகச் சொல்வார்கள். இந்த முறை அப்படிச் செய்யாமல் பொறுமையாகப் படித்து முடிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கண் தெரியாத பெரியவர்களுக்கு வாசித்தும் காட்டுங்கள். காரணம், இது முக்கியமாக அவர்களைப் பற்றியது.

அறக்கட்டளைக்கு மருத்துவ உதவி கேட்டு வருகிறவர்களில் சிலர், மற்றவர்கள் போகும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு இந்த நோயைப் பற்றிக் கேட்பார்கள். முன்பெல்லாம் "பிழைப்பேனா?" என்று கேட்டார்கள். இப்போது கேள்வி வேறு. "இத்தனை வருஷமாக மாத்திரை போடுகிறேன். வயதும் அறுபதாகப் போகிறது. அடிக்கடி சளி பிடிக்கிறது, களைப்பாக இருக்கிறது. இந்த மாத்திரையே என் எதிர்ப்புச் சக்தியைத் தின்றுவிட்டதா? கொஞ்ச நாள் நிறுத்தினால் உடம்புக்கு ஓய்வு கிடைக்குமா?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிறுத்தக் கூடாது. ஆனால் கேட்டவரின் சந்தேகத்தில் பாதி உண்மை இருக்கிறது. எதிர்ப்புச் சக்தி தேய்வது மெய்தான். அதைத் தேய்ப்பது எது என்பதில்தான் அவர் ஆளை மாற்றிப் பிடிக்கிறார்.

நம் வாசலில் நடந்த வரலாறு

இந்தக் கேள்வி நம் பக்கத்தில் எழுவதில் வியப்பில்லை. இந்தியாவில் இந்தக் கிருமி முதன்முதலில் கண்டறியப்பட்டதே சென்னையில்தான். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் ஆய்வு மாணவியாக இருந்த டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும் திரட்டிய இரத்த மாதிரிகளை வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோது அது தெரியவந்தது.

திருநீர்மலையிலிருந்து பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிறது தாம்பரம் சானடோரியம். டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928-இல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய இடம் அது; 1937-இல் அரசு ஏற்றுக்கொண்டது. இன்று அரசு நெஞ்சகநோய் மருத்துவமனை என்று பெயர்ப்பலகை இருந்தாலும் நம் பாட்டிமார்களுக்கு அது எப்போதும் டி.பி. ஆஸ்பத்திரிதான். 1990-களில் எய்ட்ஸ் நோயாளிகளைச் சேர்க்க மற்ற இடங்கள் தயங்கியபோது, தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் அவர்கள் வந்து சேர்ந்தது இங்கேதான். அந்த நாட்களில் காசநோய்க்கும் நிமோனியாவுக்கும் மருந்து கொடுக்க முடிந்தது. மூல நோய்க்குக் கொடுக்க ஒன்றுமில்லை. மருந்து உலகத்தில் இருந்தது, விலைதான் எட்டாத உயரத்தில். ஓர் ஆளுக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல். 2001-இல் மும்பை சிப்லா நிறுவனத்தின் டாக்டர் யூசுஃப் ஹமீத், மூன்று மருந்துகள் சேர்ந்த கூட்டை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தொண்டு மருத்துவர்களுக்குத் தருகிறேன் என்று அறிவித்தார். உலகச் சந்தை விலையை உடைத்த அறிவிப்பு அது. கிரிக்கெட் வீரர்களின் பெயர்களை மனப்பாடம் செய்யும் நம் பிள்ளைகளுக்கு இந்தப் பெயரையும் சொல்லிக்கொடுங்கள்.

2004 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசு எட்டு மருத்துவமனைகளில் இலவச ஏ.ஆர்.டி. சிகிச்சையைத் தொடங்கியது. அவற்றில் தாம்பரமும் ஒன்று. அன்று முப்பத்தைந்து வயதில் அந்த வரிசையில் நின்றவர் இன்று ஐம்பத்தைந்தைத் தாண்டியிருப்பார். பேரன் பேத்தி எடுத்திருப்பார், அல்ஹம்துலில்லாஹ். எச்.ஐ.வி.யோடு முதுமை அடைவது என்ற ஒன்றே அதற்கு முன் இந்த நாட்டில் பெரிய அளவில் இருந்ததில்லை. ஆகவே இது மருத்துவர்களுக்கும் புதுப் பாடம்தான்.

அட்டை பார்க்கும் காவலர்

நம் இரத்தத்தின் வெள்ளை அணுக்களில் லிம்போசைட் என்று ஒரு வகை உண்டு. அந்த வகையில் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து முதல் பதினைந்து வரை நேச்சுரல் கில்லர் செல்கள். தமிழில் இயற்கைக் கொல்லி அணுக்கள் என்று எழுதுகிறார்கள். பெயர் பயமுறுத்துகிறது, நாம் என்.கே. அணுக்கள் என்றே வைத்துக்கொள்வோம். 1975-இல் சுவீடனில் ரோல்ஃப் கீஸ்லிங்கும் அமெரிக்காவில் ரொனால்ட் ஹெர்பர்மேனும் தனித்தனியே இவற்றை இனம்கண்டார்கள். மற்றப் பாதுகாப்பு அணுக்கள் ஓர் எதிரியை ஒருமுறை சந்தித்துப் பழகிய பிறகே முழு வேகத்தில் தாக்கும். இவை எந்த முன்பயிற்சியும் இல்லாமல் புற்றுநோய் அணுவைக் கொன்றன. 'இயற்கை' என்ற அடைமொழி வந்தது அதனால்தான்.

இவை எதிரியை எப்படி அறிகின்றன? நம் பக்கத்தில் இப்போது பெரிய பெரிய அடுக்குமாடிகள் வந்துவிட்டன. வாசலில் வாட்ச்மேன் அடையாள அட்டை கேட்கிறார் அல்லவா? நம் உடலின் ஏறக்குறைய ஒவ்வோர் அணுவும் அப்படி ஓர் அட்டையை மேலே மாட்டிக்கொண்டிருக்கிறது. எச்.எல்.ஏ. என்ற புரதம் அது. டி அணுக்கள் என்ற இன்னொரு படை, அட்டையில் அந்நியமாக ஏதாவது எழுதியிருக்கிறதா என்று வாசித்துப் பார்க்கும். தந்திரமான கிருமி என்ன செய்யும்? தான் புகுந்த அணுவின் அட்டையையே கழற்றி ஒளித்துவிடும். வாசிக்க ஒன்றும் இல்லாமல் டி அணு திகைக்கும். என்.கே. அணு வேலைக்கு வருவது அங்கேதான். அது அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதில்லை. அட்டை இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. இல்லையென்றால் பெர்ஃபோரின் என்ற பொருளால் ஓட்டை போட்டு, கிரான்சைம் என்ற பொருளை உள்ளே செலுத்தும். கிருமி குடியிருக்கும் அணு தானே மடிந்துவிடும். சுவீடனைச் சேர்ந்த கிளாஸ் காரே 1980-களில் இந்த 'காணாமற்போன அட்டை'க் கருத்தை முன்வைத்தார். எனக்கு அறிவியல் பட்டம் இல்லை; ஆனாலும் இந்த ஏற்பாட்டை முதன்முதலில் படித்து விளங்கிக்கொண்ட அன்று சுப்ஹானல்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னேன்.

இவற்றில் இரண்டு பிரிவு உண்டு. சிடி56 என்ற மேற்பரப்பு அடையாளம் மிகுதியாக உள்ளவை ஒரு சிறு பிரிவு, பத்தில் ஒரு பங்கு. இவை நேரடியாகக் கொல்வது குறைவு. இன்டர்ஃபெரான் காமா போன்ற வேதிப்பொருள்களை விடுத்து மற்றப் படைகளை எழுப்பும். நோன்புக் காலத்தில் தப்ஸ் அடித்துச் சஹருக்கு எழுப்புகிறவரைப் போல. அந்த அடையாளம் குறைவாக உள்ள மற்ற ஒன்பது பங்குதான் கொல்லும் படை.

எச்.ஐ.வி. இந்தக் காவலையும் ஏமாற்றப் பார்க்கிறது. டி அணுக்கள் அதிகம் வாசிக்கும் அட்டைகளை இறக்கிவிட்டு, என்.கே. அணுவைச் சமாதானப்படுத்தும் அட்டைகளில் சிலவற்றை விட்டுவைக்கிறது. சிகிச்சை இல்லாமல் கிருமி பெருகிக்கொண்டே போகும் உடலில் இன்னொன்றும் நடக்கிறது. சிடி56 அடையாளத்தையே இழந்த மூன்றாவது வகை என்.கே. அணுக்கள் கூடுகின்றன. இவை சரியாகக் கொல்வதும் இல்லை, சரியாக எழுப்புவதும் இல்லை. சம்பளப் பட்டியலில் பெயர் இருக்கும், வாசலில் ஆள் இருக்காது.

மாத்திரை செய்வது, வயது செய்வது

மாத்திரை கிருமியின் பெருக்கத்தை நிறுத்துகிறது. அது நின்றதும் இந்த மூன்றாவது வகை மெல்லக் குறைகிறது. கொல்லும் திறனும் எழுப்பும் திறனும் திரும்பி வருகின்றன. இது ஒரு வாரத்தில் நடப்பதல்ல, பல மாதங்கள், சிலருக்கு வருடங்கள். அப்போதும் பலருக்கு முழுமையாகத் திரும்புவதில்லை. காரணங்கள் மூன்று சொல்கிறார்கள். கிருமியின் ஒரு பகுதி சில அணுக்களுக்குள் உறங்கிக் கிடக்கிறது, மாத்திரையால் அதை எட்ட முடியாது. தொற்றின் தொடக்க வாரங்களிலேயே குடலின் உட்சுவர் சேதமாகிறது. அதன் வழியே குடல் நுண்ணுயிர்களின் துணுக்குகள் இரத்தத்தில் கசிந்துகொண்டே இருக்கின்றன. மூன்றாவதாக, சி.எம்.வி. என்ற வேறொரு வைரஸ். நம் நாட்டில் வயது வந்த பெரும்பாலோர் உடலில் அது சத்தமில்லாமல் குடியிருக்கிறது; எதிர்ப்புச் சக்தி அதைக் கட்டுக்குள் வைத்திருக்கவே கணிசமாகச் செலவழிக்கிறது. இம்மூன்றும் சேர்ந்து உடலில் ஒரு மெல்லிய அழற்சியை அணையவிடாமல் வைத்திருக்கின்றன. இரவெல்லாம் அபாய மணி அடித்துக்கொண்டே இருந்தால் காவலர் என்ன ஆவார்? விழித்தே இருப்பார், ஆனால் களைத்துப்போவார்.

இப்போது வயதுக்கு வருவோம். எச்.ஐ.வி. இல்லாத மனிதருக்கும் அறுபது, எழுபதில் என்.கே. அணுக்கள் மாறுகின்றன. எண்ணிக்கை குறைவதில்லை, பலருக்குக் கூடவே செய்கிறது. ஆனால் எழுப்பும் பிரிவு சுருங்குகிறது. சிடி57 என்ற முதிர்ச்சி அடையாளம் தாங்கிய பழைய அணுக்கள் இடத்தை நிரப்புகின்றன. ஒவ்வொன்றின் தனித் திறனும் குறைகிறது. சி.எம்.வி.யை மட்டுமே குறிவைத்துப் பழகிய ஒரு கூட்டம் தனியே வளர்ந்து நிற்கிறது. தலைகள் அதிகம், வேலை குறைவு.

நோய் செய்வதும் வயது செய்வதும் பெரும்பாலும் ஒரே திசையில் இருக்கின்றன என்பதைக் கவனித்திருப்பீர்கள். எச்.ஐ.வி.யோடு மூப்படைகிறவருக்கு இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. எவ்வளவு கூடுதலாக, எத்தனை வருடம் முன்னதாக என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. சிகிச்சையைத் தாமதமாகத் தொடங்கியவர்களுக்குச் சுமை கூடுதல் என்பதில் மட்டும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. 2004-இல் சிடி4 அணுக்கள் 200-க்குக் கீழே இறங்கியவர்களுக்கே பொதுவாக மாத்திரை தொடங்கினார்கள். 2017-இலிருந்து எண்ணிக்கை பாராமல், தொற்று உறுதியான எல்லோருக்கும் உடனே தருகிறார்கள். அப்படியானால் இன்று அறுபதை நெருங்கும் பழைய நோயாளிகள், சேதம் நிறைய ஆன பிறகே சிகிச்சைக்கு வந்தவர்கள். அவர்களுடைய களைப்பு மனப்பிரமை அல்ல.

நிறுத்தினால் ஓய்வா?

இந்தக் கேள்வியை உலகம் சோதித்தே பார்த்துவிட்டது. 33 நாடுகளில் 5,472 பேர் பங்கெடுத்த ஸ்மார்ட் என்ற ஆய்வில் ஒரு பாதியினர் மாத்திரையைத் தொடர்ந்து எடுத்தார்கள். மறு பாதியினர் சிடி4 நன்றாக இருக்கும்போது நிறுத்தி, குறைந்தபோது மீண்டும் தொடங்கினார்கள். மருந்தின் பக்கவிளைவு குறையும், இதயமும் ஈரலும் இளைப்பாறும் என்ற எதிர்பார்ப்பில்தான் அப்படிச் செய்தார்கள். நடந்தது தலைகீழ். விட்டுவிட்டு எடுத்தவர்களிடம் சந்தர்ப்பவாத நோயும் மரணமும் இரண்டரை மடங்குக்கு மேல் ஏற்பட்டன. இதயம், சிறுநீரகம், ஈரல் நோய்களும் குறையவில்லை, கூடின. 2006 ஜனவரியில் அந்த ஏற்பாட்டையே நிறுத்திவிட்டு, எல்லோரையும் மாத்திரைக்குத் திரும்பச் சொன்னார்கள்.

பழைய மாத்திரைகளில் கெடுதல் இல்லாமல் இல்லை. தொடக்க வருடங்களில் தரப்பட்ட ஸ்டாவுடின் கன்னத்தை ஒட்டவைத்தது, பாதத்தில் எரிச்சல் தந்தது. அந்த முகத்தை வைத்தே தெருவில் ஆளை அடையாளம் கண்டுகொண்டு பேசிய காலம் உண்டு. அது கைவிடப்பட்டுவிட்டது. இப்போது பெரும்பாலோருக்கு டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, நாளுக்கு ஒன்று. என்.கே. அணுக்களைத் தேய்ப்பது முதன்மையாகக் கிருமியும் அது விட்டுச்சென்ற அழற்சியும் வயதும்தான். மாத்திரையை நிறுத்துகிறவர் காவலருக்கு ஓய்வு தருவதில்லை, கதவைத் திறந்துவைக்கிறார்.

ஆனால் மாத்திரை மட்டும் போதும் என்று இருந்துவிடுவதும் சரியில்லை. கிருமி அடங்கியிருக்கும் அறுபது வயதுக்காரருக்கு வருவது பெரும்பாலும் 'எய்ட்ஸ்' அல்ல. சர்க்கரை, இரத்த அழுத்தம், மாரடைப்பு, எலும்புத் தேய்மானம், சில புற்றுநோய்கள். எல்லா முதியவர்களுக்கும் வருவதுதான். இவர்களுக்குக் கொஞ்சம் முன்னதாக, கொஞ்சம் அதிகமாக. இந்தியா உட்படப் பல நாடுகளில் 40 முதல் 75 வயது வரையிலான 7,769 எச்.ஐ.வி. நோயாளிகளிடம் நடந்த ரிப்ரீவ் என்ற ஆய்வு 2023-இல் வெளியானது. கொழுப்பைக் குறைக்கும் பிட்டவஸ்டாட்டின் என்ற மாத்திரை, மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றை 35 சதவீதம் குறைத்தது. ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் ஏ.ஆர்.டி. மையத்தில் மாத்திரை வாங்கிக்கொண்டு அப்படியே திரும்பிவிடாமல், "எனக்குக் கொழுப்பு மாத்திரை தேவையா?" என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

இரண்டு பைகள்

சில மாதங்களுக்கு முன் ஒரு பெரியவர் சர்க்கரை மருந்துக்கு உதவி கேட்டு வந்தார். கையில் இரண்டு துணிப்பைகள். ஒன்றில் தெருமுனை கிளினிக்கில் எழுதிக்கொடுத்த சர்க்கரை மாத்திரையும் வயிற்றெரிச்சல் மருந்தும். இன்னொன்றைத் திறக்காமலே மடியில் வைத்திருந்தார். நெடுநேரம் பேசிய பிறகுதான் அது சானடோரியம் மாத்திரை என்றார். கிளினிக் டாக்டருக்கு இது தெரியாது, அங்குள்ள டாக்டருக்கு அது தெரியாது. மகனுக்கு இரண்டாவது பையே தெரியாது.

இதிலுள்ள ஆபத்தைச் சொல்லத்தான் இந்தப் பாடத்தையே எழுதத் துணிந்தேன். டோலுடெகிராவிர், சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மினின் அளவை இரத்தத்தில் உயர்த்தும். அதனால் இரண்டையும் எடுப்பவருக்கு மெட்ஃபார்மினைப் பொதுவாக நாளுக்கு 1000 மில்லிகிராமுக்கு மிகாமல் டாக்டர்கள் வைப்பார்கள். விஷயம் தெரியாத டாக்டர் 2000 எழுதுவார், அவர்மேல் குற்றமில்லை. வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளை மருந்திலுள்ள அலுமினியமும் மக்னீசியமும் டோலுடெகிராவிரை உடலில் சேரவிடாமல் தடுக்கும். ஏ.ஆர்.டி. மாத்திரையைப் போட்டு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் அந்த மருந்தைக் குடிக்கலாம். அதை முதலில் குடித்துவிட்டால் ஆறு மணி நேரம் போக வேண்டும். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளை வெறும் வயிற்றில் எடுத்தாலும் இதே கணக்கு. சாப்பாட்டோடு என்றால் இந்தச் சத்து மாத்திரைகளைச் சேர்த்தே போடலாம். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கினால் டோலுடெகிராவிரை நாளுக்கு இருமுறை எடுக்க வேண்டிவரும். மறைத்து வைத்தால் இவற்றில் எதையும் யாரும் சரிசெய்ய முடியாது. ஊரிடம் சொல்ல வேண்டாம். பக்கத்து வீட்டில் சொல்ல வேண்டாம். எல்லா டாக்டர்களிடமும், வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடமும் சொல்லியே ஆக வேண்டும்.

டாக்டர் வெளியே சொல்லிவிடுவாரோ என்ற அச்சம் இருப்பவர்களுக்கு: 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. - எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. ஒருவரின் நிலையை, சட்டம் சொல்லும் சில விலக்குகள் தவிர, அவர் சம்மதமின்றி வெளியிடுவதும், அதைக் காட்டி வேலையோ சிகிச்சையோ வாடகை வீடோ மறுப்பதும் சட்டவிரோதம்.

களைத்த காவலரைத் தாங்கிப்பிடிக்க நம் கையில் இருப்பவற்றில் முதலிடம் புகையிலையை விடுவதற்கு. டென்மார்க்கில் நடந்த ஆய்வில், சிகிச்சையில் இருக்கும் 35 வயது நோயாளி எச்.ஐ.வி.யால் இழந்த ஆயுள் ஏறத்தாழ ஐந்து வருடம். புகைப்பதால் இழந்தது பன்னிரண்டு வருடத்துக்கும் மேல். கிருமியைப் பார்த்து நடுங்குகிறோம், பீடியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடக்கிறோம். ஹான்ஸ் வகையறாக்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். அடுத்தது நடை. உடல் உழைக்கத் தொடங்கிய சில நிமிடங்களில் என்.கே. அணுக்கள் இரத்தத்தில் பெருகி ஓடுகின்றன. தூக்கம் கெட்டால் அவற்றின் திறன் குறைகிறது. ஃபஜ்ருக்குப் பின் ஏரிக்கரைப் பக்கம் அரைமணி நேரம் நடப்பவருக்கு இதைத் தனியே விளக்க வேண்டியதில்லை. ஃப்ளூ, நிமோனியா, ஹெபடைடிஸ் பி தடுப்பூசிகள் தனக்குத் தேவையா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவில் வியர்வை, இதில் ஒன்று இருந்தாலும் காசநோய்ச் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

பெண்களுக்குத் தனியாக ஒன்று. கணவரிடமிருந்து தொற்று வந்து, கணவரையும் இழந்து, பிள்ளைகளை ஆளாக்கிய தாய்மார்கள் நம்மிடையே இருக்கிறார்கள். எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு. கிருமி புகுந்த அணுவையும் புற்றாக மாறும் அணுவையும் தேடி அழிப்பது என்.கே. அணுக்களின் வேலை என்பதை நினைத்தால் காரணம் ஓரளவு விளங்கும். வெட்கப்பட்டுத் தள்ளிப்போடாதீர்கள், அரசு மருத்துவமனைகளில் பெண் டாக்டரோ நர்ஸோ செய்யும் எளிய சோதனை அது.

நோன்பு, கருஞ்சீரகம், குளிப்பாட்டல்

நோன்பைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். நாளுக்கு ஒரு மாத்திரை எடுப்பவர் அதை இஃப்தாருக்குப் பின்னோ சஹரிலோ, தினமும் ஒரே நேரமாக வைத்துக்கொள்ளலாம். ரமலானுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லி நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்கள், காசநோய் மருந்தும் சேர்ந்து எடுப்பவர்கள், உடல் மெலிந்தவர்கள் முதலில் டாக்டரையும் பிறகு ஹழ்ரத்தையும் கேளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையைப் பயன்படுத்துவதில் குறைவொன்றும் இல்லை.

"என்.கே. செல்லைப் பெருக்கும்" என்று வாட்ஸ்அப்பில் பொடியும் லேகியமும் விற்கிறார்கள். நம் ஆட்களைப் பிடிக்க அதில் கருஞ்சீரகத்தையும் தேனையும் சேர்த்து, அரபியில் நாலு எழுத்தும் போட்டுவிடுகிறார்கள். கருஞ்சீரகத்தின் மேல் எனக்கும் மதிப்பு உண்டு, எங்கள் வீட்டிலும் இருக்கிறது. உணவாகச் சாப்பிடுங்கள். மாத்திரைக்குப் பதிலாக அதை விற்பவன் மார்க்கத்தின் பெயரால் உயிரோடு விளையாடுகிறான். முதியவர்களுக்கு என்.கே. அணுக்களின் எண்ணிக்கை குறைவதில்லை என்று மேலே பார்த்தோம். குறையாததைப் பெருக்கி என்ன செய்வது? அவற்றை எண்ணித்தருவதாகச் சொல்லும் சோதனைக்கும் பணம் கட்ட வேண்டாம். நோயாளி தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியவை சிடி4 எண்ணிக்கையும் வைரல் லோடும்தான். இரண்டும் ஏ.ஆர்.டி. மையத்தில் இலவசம்.

அந்த வைரல் லோடு பற்றி வீட்டார் ஒன்றை அறிய வேண்டும். ஒழுங்காக மாத்திரை எடுத்து, கிருமி சோதனையில் தென்படாத அளவுக்கு அடங்கி, அப்படியே நீடிக்கிறவரிடமிருந்து தாம்பத்திய உறவின் வழியாகத் தொற்று பரவாது. இதற்கு வழிகாட்டிய பெரிய ஆய்வுகளில் ஒன்றான எச்.பி.டி.என். 052 நடந்த இடங்களில் சென்னையும் ஒன்று. 2011-இல் முடிவு வந்தது. ஒரே தட்டில் சாப்பிடுவதாலும் பேரப்பிள்ளையை முத்தமிடுவதாலும் சிகிச்சை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பரவாது. ஆனால் பல வீடுகளில் தாத்தாவுக்குத் தனித் தம்ளர் இன்னும் இருக்கிறது.

அந்தப் பெரியவரிடம், மகனிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். தெரிந்தால் மௌத்தான பிறகு தன்னைக் குளிப்பாட்ட ஆள் வர மாட்டார்கள் என்றார். மருந்தை மறைத்ததற்கு அவர் சொன்ன காரணம் அது ஒன்றுதான். மஹல்லாவில் குளிப்பாட்டும் பொறுப்பில் இருக்கும் சகோதர சகோதரிகளிடம் இதைப் பேசிவிட்டோம். எந்த மையித்தானாலும், நோய் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், கையுறையும் நனையாத மேலங்கியும் அணிவது. நம் கையில் காயம் இருந்தால் கட்டிக்கொள்வது. மையித்தின் புண்ணிலோ ஊசி போட்ட இடத்திலோ கசிவு இருந்தால் பஞ்சு வைத்து ஒட்டுவது. முடித்தபின் பலகையையும் தரையையும் பிளீச்சிங் தூள் கரைத்த நீரால் கழுவி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது. இவ்வளவு செய்தால் எச்.ஐ.வி.க்கு அஞ்ச வேண்டியதில்லை. எல்லா மையித்துக்கும் ஒரே முறை என்று வைத்துவிட்டால், யாருக்கு என்ன நோய் என்று யாரும் கேட்க வேண்டியதும் இல்லை. கையுறைகளும் மேலங்கிகளும் அறக்கட்டளை செலவில் பள்ளிவாசல் சாமான் அறையில் வைக்கப்பட்டுள்ளன.

சந்தேகம் உள்ளவர்கள் அரசு மருத்துவமனைகளிலுள்ள நம்பிக்கை மையத்தில் இலவசமாக, இரகசியமாகச் சோதித்துக்கொள்ளலாம். கட்டணமின்றித் தொலைபேசியில் விளக்கம் கேட்க 1097. இரண்டு பை வைத்திருக்கும் எவரும் மருந்துச் சீட்டுகளோடு நம் அலுவலகத்துக்கு வந்தால், துணைக்கு ஓர் ஆளை அனுப்பி, இரண்டு டாக்டர்களுக்கும் ஒரே பட்டியல் போய்ச்சேர ஏற்பாடு செய்கிறோம். பெயர் எங்கள் பதிவேட்டில் ஏறாது.